கதகதப்பான பெட்டி

பாண்டித்துரை கையெழுத்து வாங்க வருவது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அன்று புதன். காலை எட்டு மணிக்கு ஜீப் சத்தம் கேட்டபோது இந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்பதரைக்கு அவள் பூந்தோட்டத்து டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருக்க வேண்டும். அண்ணன் செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றான். கையில் வழக்கமான நீல ஃபைல் இல்லை. நான்காக மடித்த ஒரே ஒரு தாள். சட்டைப்பையிலிருந்து அவன் அதை எடுத்த விதத்திலேயே, படிக்காமல் கையெழுத்துப் போட்டுத் தருகிற தாள்களில் ஒன்றல்ல இது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"டின்டு எங்க?"

"அவுக அப்பாவோட பள்ளிக்கூடம் போயிட்டா. உள்ள வாண்ணே."

"நேரமில்ல. நாளைக்குப் பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வாராரு, பேச்சி பெரிம்மா வீட்டப் பாக்க. லைசென்ஸ்காரி வரணும்னு உன்னையும் சொல்லியிருக்காரு. அதுக்கு முன்னால இதுல ஒரு ஒப்புப் போட்டு வச்சுரு."

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பிரித்தாள். மலையாளத்தில், எழுதிப் பழகிய யாரோ ஒருவர் கையால் அழகாக எழுதப்பட்டிருந்தது. வாசலருகே இருந்த ஐசொலேட்டர் பெட்டியின் மேல் வீட்டுக்காரர் ஈரத்துணிகளைத் தொடர்ந்து காயப்போட்டு வந்ததே தீக்குக் காரணம். வேலை முடிந்த நாளில் பெட்டியும் இணைப்புகளும் விதிப்படி இருந்ததை நான் நேரில் பார்த்துச் சோதித்திருக்கிறேன். இவ்வளவுதான். கீழே அவள் பெயர், லைசென்ஸ் எண், கையெழுத்துக்கு ஒரு வெற்றிடம். அவள் கண் 'நேரில்' என்ற சொல்லில் போய் நின்றுகொண்டது.

"பெரிம்மா மேல போடச் சொல்றியாண்ணே?"

"யாரு மேல போட்டாக? நடந்ததச் சொல்றோம். துணி தொங்குச்சா இல்லையா? ஊரே பாத்துருக்கு. சாக்ஸு, தொப்பி, பேத்தி ஸ்வெட்டரு, எல்லாம் அந்தப் பொட்டி மேலதான்."

"நீ ஜூலையில போயி ஸ்க்ரூவ முறுக்குனல்ல?"

"முறுக்குனேன்னு அன்னைக்கே சொன்னேன்லா." அவன் அவளைப் பார்க்கவில்லை, தட்டில் கிடந்த பீன்ஸைப் பார்த்தான். "நாளைக்கு வரும்போது கையோட கொண்டா. மறந்துராத."

ஜீப் வளைவில் இறங்கி மறைந்த பிறகும் அவள் தாளைப் பிடித்தபடியே நின்றாள்.

அவள் பிறந்து வளர்ந்த லயத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், வயரிங் லைசென்ஸ் வாங்கிய முதல் ஆள் இந்துதான். ஐ.டி.ஐ.யில் அவள் சேர்ந்த ஆண்டு வகுப்பில் இரண்டே பெண்கள். கொழுந்தெடுக்கப் போகாவிட்டால் நர்ஸ் படிப்புக்குப் போகட்டும், ஏணியில் ஏறுகிற வேலை பெண்பிள்ளைக்கு எதற்கு என்றார் அப்பா. அவரை எதிர்த்துப் பேசியவன் பாண்டித்துரை. அவன் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஒரு காண்ட்ராக்டருக்குப் பின்னால் ஏணி சுமந்து தொழில் கற்றவன். பரீட்சை மட்டும் அவனுக்கு வரவில்லை. இரண்டு தடவை எழுதினான்; இரண்டு தடவையும் கேள்வித்தாளைப் பாதி படிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. ஆனால் சுவருக்குள் ஓடுகிற கம்பியை அவன் விரல் மோப்பம் பிடிக்கும். "உனக்குத் தாளு, எனக்குக் கை. ரெண்டும் சேந்தா ஒரு முழு வயர்மேன்" என்பான். அவள் லைசென்ஸ் வந்த அன்று அதை லேமினேட் செய்துகொண்டு வந்து லயத்தில் ஒவ்வொரு வீடாகக் காட்டினான். தன்னுடையதைப் போலக் காட்டினான் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும்.

முதல் இரண்டு வருடம் சேர்ந்தே போனார்கள். அவன் ஏணியில், அவள் கீழே டெஸ்டரும் நோட்டுமாக. பிறகு சுருளிவேலைக் கட்டிக்கொண்டாள், டின்டு பிறந்தாள், டிக்கெட் கவுண்டர் வேலை கிடைத்தது. வேலை நடக்கிற இடத்துக்கு அவள் போவது நின்றது. தாள்கள் அவளைத் தேடி வரத் தொடங்கின. ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் டின்டுவை மடியில் வைத்து பிஸ்கட் ஊட்டிக்கொண்டிருப்பான், அவள் கேட்பாள். எர்த்துக்குக் குழி எடுத்தியா? பெட்டி இரும்புதானே? சும்மா கிடக்கிற ஓட்டையெல்லாம் அடைச்சியா? வாசலை விட்டுத் தள்ளித்தானே வச்ச? ஒவ்வொன்றுக்கும் அவன் "ம்" போடுவான். அடுத்த வருடம் நான்கு கேள்விகளும் சுருங்கி "எல்லாம் சரிதானே?" ஆயிற்று. அதற்கும் அடுத்த வருடம் "எங்க போடணும்?" என்று மட்டும் கேட்டாள். பதில் தெரிந்த கேள்வியைக் கேட்பது அண்ணனைச் சந்தேகப்படுவதுபோல இருந்தது. சந்தேகப்படக் கூச்சப்பட்டாள் என்பதுதான் உண்மை. அந்தக் கூச்சத்தைப் பாசம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

தீப்பிடித்தது போன சனிக்கிழமை, காலை பதினோரு மணிக்கு. முத்துப்பேச்சி முப்பத்தெட்டு வருடம் கொழுந்தெடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள். லயத்தைக் காலி செய்ய வேண்டுமே என்று, வந்த சர்வீஸ் பணத்தில் நடுப்பாறை காலனியில் வீடு கட்டினாள். பின்னால் மலையை வெட்டிய பாறை. அதனால் வீட்டுக்கு ஒரே கதவு, முன்னால். அந்தக் கதவுக்கு மேலேயே ஐசொலேட்டர் பெட்டி. ஐசொலேட்டர் என்றால் வேறொன்றுமில்லை, வீட்டுக்குள் வருகிற இரண்டு கம்பிகளையும் ஒரே தட்டில் துண்டிக்கிற பெரிய சுவிட்ச். வீட்டின் முழுப் பளுவும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். முத்துப்பேச்சியின் மகன் அஜய் முன்னறையைச் சுற்றுலாக்காரர்களுக்கு விட்டிருந்தான். அவர்கள் அணைக்கட்டைப் பார்க்கப் போகும்போது வெந்நீர் ஹீட்டரை அணைக்க மறந்துவிட்டார்கள். உள்ளே ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் கம்பி சூடாகும். சூடாகிச் சூடாகி ஒருநாள் பொறி விடும். இரும்புப் பெட்டியாக இருந்தால் பொறி உள்ளேயே அடங்கிப்போகும், பெட்டி கறுக்கும், அதோடு சரி. விலை குறைந்த பிளாஸ்டிக் பெட்டி தானே விறகாகிவிடும். அடுப்படியிலிருந்து வந்து பார்த்த முத்துப்பேச்சிக்கு முன்னால் வெளியே போகிற ஒரே வழியின் தலைமேல் தீ நின்றது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு அதன் அடியில் பாய்ந்தாள். உருகிச் சொட்டியது இரண்டு கைகளிலும் ஒட்டிக்கொண்டது.

இந்துவை நான்கு நாளாக உறங்கவிடாமல் செய்தது தீ அல்ல, ஜூலை மாதத்து ஒரு பேச்சு. ரேஷன் கடையில் வரிசையில் நிற்கும்போது முத்துப்பேச்சி அவள் தோளைத் தட்டிச் சொன்னாள்: "ஏட்டி, உங்கண்ணன் வச்ச பொட்டி என்னா கதகதப்பு! லயத்துல அடுப்புக்கு மேல கயிறு கட்டித்தான் காயப்போடுவோம், எல்லாம் புகை நாத்தம். இப்ப சாக்ஸ அந்தப் பொட்டி மேல போட்டா விடியறதுக்குள்ள மொறுமொறுன்னு ஆயிருது. நல்ல பொட்டியாப் பாத்து வச்சுருக்கான்." மழை ஓயாத அந்த மாதத்தில், எதுவும் காயாத அந்த ஊரில், இளஞ்சூடாக ஒரு பெட்டி சுவரில் இருப்பதை வரமென்று நினைக்காதவர் யார்? வரிசையில் நின்ற இன்னொருத்தி எங்கள் வீட்டுப் பெட்டி அப்படியில்லையே என்று ஏங்கக்கூடச் செய்தாள். இந்துவுக்குத் தெரியும், பெட்டி சுடக் கூடாது. அங்கேயே நின்று அண்ணனுக்குப் போன் செய்தாள். துணி எதையும் அதில் போட வேண்டாம் என்று முத்துப்பேச்சியிடமும் சொன்னாள். சொன்ன குரலில் அழுத்தம் இருந்ததா என்று இப்போது நினைவில்லை. அடுத்த ஞாயிறு பாண்டித்துரை வந்து, "போயிட்டு வந்தாச்சு. ஒரு ஸ்க்ரூ லூசு, முறுக்கிட்டேன். பெரிம்மா விடல, கட்டன்சாயா போட்டுக் குடுத்து உக்கார வச்சுட்டா" என்றான். அவள் அதோடு அதை மறந்தாள்.

இப்போது ஸ்டூலை இழுத்துப் போட்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். தன் வீட்டுப் பெட்டியை அவள் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. மூன்று வருடத்துக்கு முன் இந்த வீட்டுக்கு வயரிங் செய்தபோது பாண்டித்துரை இரண்டு நாள் யாரையும் உள்ளே விடவில்லை. மெயினை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றினாள். வாசலிலிருந்து தள்ளி, கைக்கு எட்டும் உயரத்தில், சாம்பல்நிறம் பூசிய இரும்புப் பெட்டி. கம்பி நுழைகிற ஒவ்வொரு ஓட்டையிலும் ரப்பர் வளையம். கம்பி நுழையாத ஓட்டைகளுக்கு மூடி. உள்ளே செம்புக் கம்பியின் ஒரு இழைகூடப் பிரியாமல் முனைகளுக்குத் தொப்பி அழுத்தி, திருகி, ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலிருந்தும் பக்கத்து உலோகத்துக்கு ஒரு சிவப்புக் கோடு இழுத்திருந்தான். ஸ்க்ரூ ஒரு நூல் தளர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கோடுகள் உடையவில்லை. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் இந்துவுக்கு அடையாளம் தெரிந்தது. அது அவளுடைய நகப்பூச்சு. வீடு குடிவந்த சமயத்தில் காணோம் காணோம் என்று தேடியது. அண்ணன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே கூடத் தேடினான்.

ஸ்டூலின் மேலேயே உட்கார்ந்தாள். தெரியாமல் செய்துவிட்டான், அவசரத்தில் மறந்துவிட்டான், கடையில் இரும்புப் பெட்டி இல்லாமல் போயிருக்கும் என்று நான்கு நாளாக அவனுக்காக அவள் கட்டி வைத்திருந்த சாக்குகள் ஒவ்வொன்றாக அந்தச் சிவப்புக் கோடுகளில் பட்டு விழுந்தன. அவனுக்கு எல்லாம் தெரியும். அவளைவிட நன்றாகத் தெரியும்.

வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நடுப்பாறைக்கு ஜீப் ஏறினாள். முத்துப்பேச்சி பக்கத்து வீட்டு வேலுத்தாயின் கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தாள். இரண்டு கைகளிலும் முழங்கை வரை வெள்ளைக் கட்டு. இந்துவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை இந்துவால் தாங்க முடியவில்லை.

"வா, ஏட்டி. பாரு, முப்பத்தெட்டு வருசம் கொழுந்தெடுத்த கைய காலிபிளவர் மாதிரி கட்டி வச்சுருக்கான்."

"வாயையும் சேத்துக் கட்டுங்கன்னுதான் டாக்டர்கிட்டச் சொன்னேன்" என்றாள் அடுப்படியிலிருந்து வேலுத்தாய். "அந்த மனுசன் கேக்கல. ராவும் பகலும் எனக்குக் காது வலிக்கு."

"இவ ஊட்டுற சோத்துல உப்பில்லன்னு சொன்னேன், அதுக்குத்தான் இந்தக் கோவம்."

இந்துவும் சிரித்தாள். சிரித்து முடித்த பின் கேட்டாள். "பெரிம்மா, ஜூலையில எங்கண்ணன் வந்து பொட்டியத் திறந்து பாத்துச்சுல்ல? நீங்ககூடக் கட்டன்சாயா போட்டுக் குடுத்தீகளே."

முத்துப்பேச்சி யோசித்தாள். "எங்க வந்தான்? வீடு பால் காய்ச்சுன அன்னைக்குப் பாத்ததுதான். அதுக்கப்புறம் இந்தப் பக்கம் தலையே காட்டல. வந்திருந்தா கட்டன்சாயாவா குடுப்பேன்? பால்சாயாதான் குடுப்பேன்."

கட்டன்சாயா. அதை ஏன் சேர்த்தான்? முறுக்கினேன் என்று மட்டும் சொல்லியிருந்தால் போதாதா? ஒரு கிளாஸைக் கையில் பிடித்து, அதன் ஆவியை ஊதி, பெரிம்மாவின் உபசாரத்தில் நெளிந்து, இல்லாத ஒரு சாயங்காலத்தையே அவளுக்காகச் செய்து கொண்டுவந்திருக்கிறான். பொய்யைவிட அந்தச் சாயாவின் சூடுதான் அவளுக்கு அதிகம் சுட்டது.

"உங்கண்ணன விடு" என்றாள் முத்துப்பேச்சி. "எனக்கு உன் மேலதான் ஒரு கோவம் இருந்துச்சு. சொல்லக் கூடாதுன்னு வச்சிருந்தேன். வயரிங் முடிஞ்சப்ப, நான் கடைக்குப் போயிருந்த நேரமாப் பாத்து, நீ டெஸ்டரோட வந்து எல்லாம் பாத்துட்டுப் போயிட்டியாம். உங்கண்ணன் சொன்னான். புதுவீட்டுக்கு வந்த பிள்ள ஒரு வாய் தண்ணி குடிக்காமப் போயிட்டாளேன்னு எனக்கு ஒரு வாரம் மனசே ஆறல." கட்டுப்போட்ட கையால் இந்துவின் முழங்காலைத் தொட முயன்றாள், வலியில் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "இன்ஸ்பெக்டர் வரட்டும். நான் சொல்லுவேன், இந்து பாத்துதான் கரண்டு குடுத்துச்சு, அவ மேல குத்தமில்ல, நான்தான் துணிய மாட்டுன கிறுக்கச்சின்னு. நீ பயப்படாத."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் வேலுத்தாய் சாயாக் கிளாஸோடு வந்து நின்றாள். அதை வாங்கிக் குடிப்பது சொல்வதைவிட எளிதாக இருந்தது. திரும்பி வருகிற வழியெல்லாம் தன் அண்ணனை எண்ணி அவள் கொதித்த கொதிப்புக்கு நடுவில் ஒரு குளிர்ந்த இடம் இருந்துகொண்டே இருந்தது. அவன் பொய் சொன்னான். அவள் பொய்க்குக் கையெழுத்துப் போட்டாள். முத்துப்பேச்சி நம்பியது அவன் கையை அல்ல, இவள் பெயரை.

மறுநாள் ஒன்பதரைக்கே பாண்டித்துரை காலனிக்குக் கீழே வளைவில் ஜீப்பை நிறுத்திக் காத்திருந்தான். ஷேவ் செய்து, கல்யாணத்துக்குப் போகிறவன்போலச் சலவைச் சட்டை போட்டிருந்தான்.

"கொண்டாந்தியா?"

"எங்க வீட்டுல ஏண்ணே இரும்புப் பொட்டி வச்ச?"

அவன் அதை எதிர்பார்க்கவில்லை. கீழே போகிற சாலையைப் பார்த்தான். தேயிலைக்குள்ளிருந்து கொழுந்து வெட்டுகிற மெஷினின் இரைச்சல் வந்துகொண்டிருந்தது.

"அது உன் வீடாச்சே" என்றான் கடைசியில். "பிள்ள இருக்கிற வீடு."

அதை அவன் கெஞ்சுவதுபோலச் சொன்னான். அவனைப் பொறுத்தவரை அது அன்பின் சாட்சி. இதற்கு மேல் ஒரு அண்ணன் என்ன செய்ய முடியும் என்கிற மாதிரி. அவன் முகத்தில் குற்றம் செய்தவனின் சாயலே இல்லை என்பதை இந்து கவனித்தாள். பிறந்ததிலிருந்து பார்த்த முகம். ஐ.டி.ஐ.க்கு முதல் நாள் போகும்போது ஜீப்பின் பின்னால் தொங்கிக்கொண்டே கூட வந்த முகம். ஆட்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்தில் அவளையும் டின்டுவையும் வைத்து, மறுபக்கத்தில் முத்துப்பேச்சிகளை வைத்து, அவன் நிம்மதியாக உறங்கியிருக்கிறான். தன்னை நல்ல பக்கத்தில் வைத்ததுதான் அவனுடைய துரோகம் என்று யாரிடம் போய்ச் சொல்வாள்? சொன்னால் யாருக்குப் புரியும்?

"கட்டன்சாயாவும் பொய்யிதானே?"

"இந்து, எனக்கும் பிள்ளைக இருக்கு. கேசாச்சுன்னா நான் எங்க போவேன்? துணிதான் காரணம்னு எழுதிட்டா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. பெரிம்மாவுக்கு நான் வேற பொட்டி வச்சுக் குடுத்துருதேன். உன் அண்ணன்ல நானு?"

அவள் படியேறினாள். தாள் அவள் கைப்பையில் இருந்தது. அதில் கையெழுத்து இல்லை.

இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு கரிந்த சுவரை நெடுநேரம் போட்டோ எடுத்தார். கதவு நிலை பாதி எரிந்திருந்தது. பெட்டி இருந்த இடத்தில் மெழுகுபோல உருகி உறைந்த ஒரு கட்டி தொங்கியது. அதற்குள் இரண்டு செம்பு முனைகள் மட்டும் பளபளத்தன. வீட்டுக்குள் காலை வைத்தபோது இந்துவுக்கு அந்த அறை எவ்வளவு சிறியது என்று தெரிந்தது. தாளில் அது நான்கு பாயின்ட், இரண்டு பிளக், ஒரு ஹீட்டர் என்று மட்டும்தான் இருந்தது. பாறைப் பக்கச் சுவரில் ஒரு அலமாரி. அதில் முத்துப்பேச்சிக்குக் கம்பெனி கொடுத்த ஓய்வு நாள் கடிகாரம், புகை படிந்து.

அஜய் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தான். வாசலுக்கு வெளியே காலனிப் பெண்கள் கூடியிருந்தார்கள். முத்துப்பேச்சி யாரும் கேட்பதற்கு முன்பே தொடங்கிவிட்டாள். "சாரே, பிள்ள மேல குத்தமில்ல. அவ பாத்துதான் போட்டது. நான்தான் அதுல சாக்ஸு..."

"அம்மச்சி, ஒரு மினிட்டு" என்றார் அவர். ஃபைலிலிருந்து ஒரு நகலை எடுத்து இந்துவிடம் காட்டினார். "இது உங்கட ஒப்பு தன்னே அல்லே?"

"ஆமா சார். என்னோட ஒப்புதான்."

"நீங்க டெஸ்ட் செய்தப்போ பெட்டி ஏதாயிருந்து? இரும்போ, பிளாஸ்டிக்கோ?"

பாண்டித்துரை கதவு நிலைக்கு வெளியே நின்றான். அவள் அவனைப் பார்க்காமல் இருக்க முத்துப்பேச்சியைப் பார்த்தாள். அது இன்னும் கடினமாக இருந்தது.

"எனக்குத் தெரியாது சார். இந்த வீட்டுக்குள்ள நான் கால் வைக்கிறது இதுதான் முதல் தடவ."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார். லைசென்ஸ் போகும், கேஸ் வரலாம், தெரிந்துதான் சொல்கிறீர்களா என்று கேட்டார். தெரியும் என்றாள். அப்படியானால் வேலை செய்தது யார் என்றார். இந்து காத்திருந்தாள். ஒரு மூச்சு நேரம், இரண்டு மூச்சு நேரம். அவன் ஒரே ஒரு எட்டு உள்ளே எடுத்து வைத்தால் போதும், அதற்குப் பிறகு எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம் என்றுகூட அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. இன்ஸ்பெக்டர் அவள் பார்வை போன பக்கம் திரும்பி, "நிங்ஙள் ஆரா?" என்றார்.

"நான்... இவ அண்ணன், சார்" என்றான் பாண்டித்துரை. அதோடு நிறுத்திக்கொண்டான்.

"வேல செஞ்சது இவருதான்" என்றாள் இந்து. "பாக்காம ஒப்புப் போட்டது நான். பொட்டி சூடாவுதுன்னு பெரிம்மா ஜூலையிலயே என்கிட்டச் சொன்னாக. அதையும் எழுதிக்கங்க. அவுக மேல ஒண்ணும் இல்ல."

அவர் எழுதினார். பேனா தாளில் உரசுகிற சத்தம் அந்தச் சின்ன அறையில் பெரிதாகக் கேட்டது. அவர் எழுதி முடித்ததும் இந்து முத்துப்பேச்சியின் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"அப்ப நீ வரவே இல்லையா, ஏட்டி?"

திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முத்துப்பேச்சி கட்டுப்போட்ட இரண்டு கைகளையும் மடிக்கு இழுத்து, யாரும் தொட்டுவிடாதபடி சேலையின் மடிப்புக்குள் வைத்துக்கொண்டு, மகனிடம், "என்னய அங்கன கொண்டு விடுடா" என்றாள். வெளியே போகும்போது இந்துவின் பக்கம் திரும்பவில்லை. வேலுத்தாய் திரும்பிப் பார்த்தாள்.

பாண்டித்துரை கூட்டத்தை விலக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டான். இறங்குவதற்கு முன் அவள் காதருகில், "வித்துட்டியே" என்று மட்டும் சொன்னான்.

"இந்தக் காலனியில உங்கட ஒப்புள்ள வீடு வேற உண்டோ?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"பதினொண்ணு."

அவர் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார். லிஸ்ட் எழுதித் தரச் சொன்னார். திங்கட்கிழமை ஆள் வந்து பார்ப்பார்கள் என்றார். இந்து அங்கேயே நின்று பதினொரு பெயர்களையும் எழுதிக் கொடுத்தாள். ஒரு பெயரையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவர் ஜீப் கிளம்பியதும் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

முதலில் வேலுத்தாயின் வீடு. முத்துப்பேச்சி கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். இந்து யாரிடமும் கேட்காமல் நாற்காலியை இழுத்துக் கதவுக்கு மேலிருந்த பெட்டியின் பிடியைக் கீழே தள்ளினாள். அடுப்படியில் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர் முனகி நின்றது.

"ஏய், என்னடி பண்ணுத? இட்லி மாவு பாதில நிக்கி!"

"இதப் போடாதீகக்கா. வேற பொட்டி மாத்துற வரைக்கும் போடவே போடாதீக."

"யாரு மாத்துவா? நீயா, உன் நொண்ணனா?"

"எனக்குத் தெரியல. ஆனா போடாதீக."

அடுத்த வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது; யாரோ ஒரு மாமியார் அழுகையின் நடுவில் துண்டிக்கப்பட்டாள். அதற்கடுத்த வீட்டில் துணி துவைக்கிற மெஷின். நான்காவது வீட்டில் ஒரு பெண் கதவை மறித்து நின்றாள். பத்துப் பேர் முன்னால் ஒத்துக்கொண்டவளை உள்ளே விட முடியாது என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, தானே போய் அணைத்துவிட்டு வந்து படாரென்று கதவைச் சாத்தினாள். ஐந்தாவது வீட்டைத் தாண்டும்போதுதான் இந்து கவனித்தாள். இந்தக் காலனியில் எப்போதும் ஒரு மெல்லிய ரீங்காரம் இருந்திருக்கிறது, ஃபிரிட்ஜுகளும் மோட்டார்களும் சேர்ந்து எழுப்பியது. இருந்தபோது அது காதில் விழவில்லை. அது மேலிருந்து ஒவ்வொரு வீடாக அவிந்து, அந்த இடத்தில் தகரக் கூரைகளின் மேல் மழை பெய்கிற சத்தம் ஏறிக்கொண்டு வந்தது. பெண்கள் முற்றங்களில் குடையோடு நின்றார்கள். யாரும் அவளோடு வரவில்லை. யாரும் உள்ளே போகவுமில்லை.

கீழே வளைவில் ஜீப் இன்னும் நின்றது. பாண்டித்துரை மழையில் நின்றுகொண்டிருந்தான். சலவைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பின்பக்கக் கதவைத் திறந்து தன் வயரிங் சாமான் பையை வெளியே எடுத்தான். அதைத் தோளில் போடவில்லை. கீழேயும் வைக்கவில்லை. இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துப் பிடித்தபடி மேலே அண்ணாந்து பார்த்தான். இந்து ஆறாவது வீட்டின் படியில் நின்றாள். கதவு திறந்திருந்தது. உள்ளே, மஞ்சள் விளக்கின் அடியில், ஒரு பெண் அவளுக்காக நாற்காலியைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.